இன்னொரு பட்டை போடலாமா?

பீர்மேட்டு மலைப்பாதையில் வண்டிகள் சுமக்கும் பாரமும், சஸ்பென்ஷன் மாற்றும் முன் போட வேண்டிய கணக்கும்

முண்டக்கயம் தாண்டியதும் ரோடு ஏறத் தொடங்கிவிடும். பெருவந்தானம், வளஞ்சங்கானம் அருவி என்று வளைந்து வளைந்து குட்டிக்கானம் வந்து சேர்வதற்குள் வண்டியின் இரண்டாம் கியருக்கும் மூன்றாம் கியருக்கும் ஓயாத வேலை. கொல்லத்தையும் தேனியையும் இணைக்கும் 183-ம் எண் தேசிய நெடுஞ்சாலை இது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் பீர்மேடு. தக்கலை பீர்முகம்மது அப்பா என்ற தமிழ் சூஃபிக் கவிஞர் இந்த மலையில் தவமிருந்தார், அவர் பெயரே ஊருக்கு நின்றது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள்.

சனிக்கிழமை காலையில் இந்த ரோட்டோரம் பத்து நிமிடம் நின்றால் இரண்டு வகை வண்டிகள் கண்ணில் படும். ஒன்று, பெயின்ட் வெளுத்த பழைய மஹிந்திரா ஜீப். உள்ளே எஸ்டேட் ஆட்கள், மேலே உர மூட்டை, பின்னால் படியில் தொற்றிக்கொண்டு இரண்டு பேர். இன்னொன்று, மதுரையிலிருந்தோ கோவையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ வாகமணுக்குப் போகும் புதுத் தார் அல்லது ஜிம்னி. முன்னால் இரும்பு பம்பர், அதில் வின்ச், கூரையில் கேரியர், கேரியரில் சுருட்டிய டென்ட், பக்கத்தில் சிவப்பு ஜெர்ரி கேன்.

முதல் வண்டி ஆள் சுமக்கிறது; இரண்டாவது இரும்பு சுமக்கிறது. ஆனால் இரண்டு வண்டிக்காரர்களும் பட்டறையில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஆசானே, வண்டி உக்காருது. சஸ்பென்ஷன மாத்திடலாமா?"

மாற்றலாம். ஆனால் அதற்கு முன் ஒரு கணக்கு இருக்கிறது. கைநிறையப் பணம் செலவழித்துவிட்டு, 'முன்ன இருந்ததே தேவலை' என்று புலம்பும் பலரும் அந்தக் கணக்கைப் போடாமல் விட்டவர்கள்தான்.

பெயரே கால் டன்

1941-ல் அமெரிக்க ராணுவத்துக்காகத் தயாரான வில்லிஸ் ஜீப்புக்கு ராணுவக் காகிதங்களில் இருந்த அதிகாரப்பூர்வப் பெயர் 'கால் டன் டிரக்'. வேகத்தையோ குதிரைத் திறனையோ வைத்துப் பெயரிடவில்லை. எவ்வளவு சுமக்கும் என்பதே பெயர். அவர்கள் கணக்கில் கால் டன் என்பது 500 பவுண்டு. நம் கணக்கில் சுமார் 227 கிலோ.

1945-ல் தொடங்கிய மஹிந்திரா நிறுவனம், அதே வில்லிஸ் ஜீப்பை உதிரிகளாக இறக்கிப் பூட்டித்தான் வண்டித் தொழிலுக்குள் வந்தது. அந்த வம்சத்தில் பின்னால் வந்த மேஜரும் கமாண்டரும் எம்.எம். 540-யும்தான் இடுக்கி மலையின் கழுதையும் குதிரையும் ஆயின. தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு அரிசி போனதும், பிரசவத்துக்குப் பெண்கள் ஆஸ்பத்திரி போனதும், கம்பம், போடி பக்கத்திலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் போவதும் ஜீப்பில்தான். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று வழிகளிலும் விடியற்காலையில் ஏறும் 'ட்ரிப் ஜீப்'புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கால் டன் என்ற கணக்கு என்றைக்கோ காற்றில் போய்விட்டது. ஆளுக்கு 55 கிலோ வைத்து 14 பேர் ஏறினாலே 770 கிலோ.

இந்தப் பாரத்தை எப்படித் தாங்குகிறது? அங்கேதான் கமான் பட்டை வருகிறது.

பட்டறைத் தரையில் ஒரு பட்டை செட்

பழைய ஜீப்பின் பின்சக்கரத்தைக் கழற்றி, யு போல்ட்டுகளை அவிழ்த்து, பட்டை செட்டைக் கீழே இறக்கினால், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகு நாக்குகள். எல்லாவற்றுக்கும் மேலே உள்ளது மெயின் பட்டை. அதன் இரு முனையும் சுருண்டு கண்ணாக இருக்கும். அந்தக் கண்ணில் புஷ் ஏறி, ஒரு பக்கம் சேசிஸோடும் மறுபக்கம் ஷேக்கிளோடும் சேரும். கீழே போகப்போகப் பட்டைகள் குட்டையாகும். நடுவில் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு ஒரு சென்டர் போல்ட்.

பட்டைகளைப் பிரித்துத் தரையில் வரிசையாக வைத்தால் வண்டி என்ன பாடுபட்டது என்பது தெரிந்துவிடும். பீர்மேட்டு மழையில் சேறும் தண்ணீரும் இடையில் புகுந்து, துரு ஏறி, ஒன்றோடொன்று உரசி முனைகளில் பள்ளம் விழுந்திருக்கும். சில பட்டையில் சென்டர் போல்ட் ஓட்டைப் பக்கம் மயிரிழை விரிசல் ஓடியிருக்கும். வளைவு போய்த் தட்டையானதை 'செத்த பட்டை' என்று தள்ளிவிடுவார்கள். துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி, உடைந்ததை மாற்றி, திரும்ப அடுக்கிக் கட்டினாலே பாதி வண்டிகள் பழையபடி நிமிர்ந்துவிடும். உண்மையில் அந்த வண்டிகளுக்குத் தேவைப்பட்டது பராமரிப்பு, அப்கிரேடு இல்லை.

அதற்கும் மேல் வேண்டும் என்றால்தான் இன்னொரு பட்டை. ஒரே நீளமும் கனமும் உள்ள ஏழு பட்டையோடு எட்டாவது சேர்ந்தால் விறைப்பு ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கூடும். ஆனால் பட்டையின் எண்ணிக்கையைவிட அதன் கனம் பொல்லாதது. கனம் கூடினால் விறைப்பு அதன் முப்படி அளவில் கூடும். 6 மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் 8 மில்லிமீட்டர் போட்டால் அந்தப் பட்டையின் விறைப்பு இரண்டே கால் மடங்குக்கும் மேல். கண்ணுக்கு இரண்டு மில்லிமீட்டர். இடுப்புக்கு வேறு கதை.

பாரம் ஏற்றிய ஜீப் அப்போது அழகாக நிற்கும். ஆளை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதுதான் வினை. சின்னக் கல்லுக்கும் பின்பக்கம் துள்ளும். துள்ளும் சக்கரம் தரையைப் பிடிக்காது. ஈரமான மண் இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டால் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். அதனால்தான் விவரமான ஜீப் டிரைவர்கள் எட்டாவது பட்டை கேட்கும் முன், வாரத்தில் எத்தனை நாள் பாரம், எத்தனை நாள் வெறும் வண்டி என்று எண்ணிப் பார்ப்பார்கள்.

ஓட்டுநர் மட்டும் ஏறலாம்

இனி சுற்றுலா வண்டிக்கு வருவோம். மாருதி ஜிம்னியை எடுத்துக்கொண்டால், 2023-ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு மாடலின் வெறும் எடை சுமார் 1,200 கிலோ. ஆளும் சாமானும் எரிபொருளும் சேர்த்து அதிகபட்சம் 1,545 கிலோ வரை போகலாம். நடுவில் உள்ள வித்தியாசம் 345 கிலோ. நம் கையில் இருக்கும் முதல் இவ்வளவுதான்.

இப்போது செலவைப் பார்ப்போம். இரும்பு முன் பம்பர் சுமார் 50 கிலோ. இரும்புக் கயிறு சுற்றிய வின்ச் சுமார் 40. கூரைக் கேரியர் 30. கூரை டென்ட் 55. பின்னால் ஸ்பேர் டயர் மாட்டும் கனமான சட்டம் 35. இருபது லிட்டர் கேன் இரண்டு, ஒன்றில் தண்ணீர் ஒன்றில் எரிபொருள், கேனோடு சேர்த்து 40. நெம்பு ஜாக்கி, மண்வெட்டி, கயிறு, கொக்கி எல்லாம் 25. கடைக்குக் கடை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். கூட்டினால் 275 கிலோ.

மிச்சம் 70. ஓட்டுநர் ஏறி உட்கார்ந்தால் கணக்கு முடிந்தது. பக்கத்து சீட்டில் மனைவி ஏறினாலே வண்டி வரம்பைத் தாண்டிவிடும். பின்சீட்டுப் பிள்ளைகளும் வாகமணுக்குக் கட்டிய சாப்பாட்டுக் கூடையும் கணக்கிலேயே இல்லை.

இதற்குக் கனமான ஸ்பிரிங் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும் என்பது உண்மை. ஆனால் நிமிர்ந்து நிற்பதால் பிரேக்குக்கு வலு கூடவில்லை. ஆக்சிலும் பேரிங்கும் டயரும் கிளட்ச்சும் பழையவைதான். ஆர்.சி.யில் பதிவான மொத்த எடையும் பழைய எண்ணேதான். முண்டக்கயத்திலிருந்து ஏறும்போது இது பெரிதாகத் தெரியாது. மாலையில் இறங்கும்போது பிரேக் லைனிங் தீய்ந்த வாசனை சொல்லும்.

ஆஸ்திரேலியாவில் இதற்கென்றே ஒரு முறை உண்டு. அங்கீகாரம் பெற்ற ஸ்பிரிங் செட்டைப் பொருத்தி, சோதித்துச் சான்று வாங்கினால் வண்டியின் மொத்த எடை வரம்பையே சட்டப்படி உயர்த்திக்கொள்ளலாம். 1975-ல் மெல்போர்னில் தொடங்கிய ஏ.ஆர்.பி. போன்ற நிறுவனங்கள் ஒரே வண்டிக்கே பல விறைப்புகளில் ஸ்பிரிங் விற்கின்றன. வெறும் வண்டிக்கு ஒன்று, பம்பரும் வின்ச்சும் நிரந்தரமாக இருந்தால் வேறொன்று என்று எடையை வைத்துத்தான் தேர்வு. எத்தனை இஞ்ச் உயரம் என்பது அப்புறம்தான் வரும். நம்மூரிலோ எத்தனை இஞ்ச் தூக்க வேண்டும் என்பதில்தான் பேச்சே தொடங்குகிறது.

மூக்கில் தொங்கும் எடை

எவ்வளவு எடை என்பது மட்டும் போதாது. எங்கே எடை என்பதும் வேண்டும். தராசுத் தட்டின் விதிதான் இது.

மஹிந்திரா தாரின் முன்சக்கர நடுவுக்கும் பின்சக்கர நடுவுக்கும் இடையே 2,450 மில்லிமீட்டர். பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவை முன் ஆக்சிலுக்கு நேர் மேலே உட்காரவில்லை. அதற்கும் முன்னால், சுமார் 70 சென்டிமீட்டர் தள்ளி, மூக்கில் தொங்குகின்றன. நெம்புகோல் கணக்குப்படி முன் ஆக்சிலில் விழும் கூடுதல் பாரம் 90 இல்லை, சுமார் 116 கிலோ. அந்தக் கூடுதல் 26 கிலோ பின் ஆக்சிலிலிருந்து களவு போனது. அதாவது மூக்கு அமுங்கும், பின்பக்கம் லேசாகும். செங்குத்தான இறக்கத்தில் பாரம் தானாகவே முன்னுக்கு வரும் இடத்தில், பின்சக்கரம் இன்னும் லேசாகிறது.

ஆகவே 'நாலு சக்கரத்துக்கும் ஒரே கிட்' என்று வாங்குவது பல வண்டிகளுக்குப் பொருந்தாது. முன்னால் வின்ச் மட்டும் உள்ளவருக்கு முன் ஸ்பிரிங் போதும். பின்னால் எப்போதும் சாமான் ஏற்றும் ஹைலக்ஸ், வி-கிராஸ் போன்ற பிக்கப்புகளில் பின் ஆக்சிலில் இன்றும் கமான் பட்டைதான். அங்கே பின் பட்டையைப் பார்த்தால் போதும். கூரையில் ஏற்றிய எடைக்கு மட்டும் எந்த ஸ்பிரிங்கும் முழு மருந்து ஆகாது. உயரத்தில் இருக்கும் பாரம் வளைவில் வண்டியைச் சாய்க்கும். கனமான ஸ்பிரிங் சாய்வைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அதோடு வண்டியை இன்னும் உயர்த்தியும் விட்டால் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கிக்கொண்ட கதைதான்.

மூன்று வேலை, மூன்று சாமான்

கடைகளில் ஸ்பிரிங், ஷாக், லிஃப்ட் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்பதால் மூன்றும் ஒன்றே என்ற எண்ணம் பரவிவிட்டது. ஆனால் மூன்றும் செய்கிற வேலை வேறு வேறு.

பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். பட்டையோ காயிலோ, வண்டி உட்காருகிறது என்றால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

துள்ளலை அடக்குவது ஷாக் அப்சார்பர். அது எடையைத் தூக்காது. வண்டி உட்காருகிறது என்று விலை உயர்ந்த ஷாக் வாங்கிப் போட்டு, அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. ஆனால் ஸ்பிரிங்கைக் கனமாக்கிவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டால், அது கனத்த ஸ்பிரிங்கை அடக்க முடியாமல் திணறும். மணிக்கணக்கில் கல் ரோட்டில் ஓடும்போது ஷாக்கின் உள்ளே எண்ணெய் சூடேறி இளகும், பிடி விட்டுப்போகும். ஸ்பிரிங் மாற்றினால் அதற்கேற்ற ஷாக்கும் சேர்ந்தே வர வேண்டும்.

லிஃப்ட் என்பது சேசிஸை உயர்த்துவது. இரண்டு இஞ்ச் தூக்கினால் வண்டியின் வயிறு உயரும், ஆனால் சக்கரங்களோடு சேர்ந்த ஆக்சில் ஹவுசிங் இருந்த இடத்திலேயே இருக்கும். தண்டவாளம் போல வண்டித்தடம் ஆழமாக விழுந்த எஸ்டேட் ரோட்டில் முதலில் தட்டுவது அந்த ஹவுசிங்தான். அதை உயர்த்துவது பெரிய டயர் ஒன்றே. தவிர, லிஃப்ட் செய்தால் ஜாயின்ட் கோணம், பிரேக் ஹோஸ் நீளம், ஸ்டீயரிங் நேர், ஹெட்லைட் விழும் இடம் எல்லாவற்றையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும். 2020-ல் வந்த தார் கம்பெனியிலிருந்தே 226 மில்லிமீட்டர் தரை இடைவெளியோடும், 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரைக் கடக்கும் திறனோடும் வருகிறது. பருந்தும்பாறைக்கும் பாஞ்சாலிமேட்டுக்கும் போய் வர அதற்கு மேல் ஒரு இஞ்சும் தேவையில்லை.

காக்கி வழிமறித்தால்

சட்டம் இந்த விஷயத்தில் கேரளத்தோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. வண்டியில் மாற்றம் செய்யலாமா என்ற வழக்கு கேரள உயர் நீதிமன்றத்திலிருந்து டெல்லி போய், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவே அடிப்படை. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தில் சேர்ந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இரும்பு பம்பருக்கு அதற்கும் முன்பே ஆபத்து வந்துவிட்டது. 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், 'புல் பார்', 'கிராஷ் கார்டு' வைத்த வண்டிகள்மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. மோதினால் நடந்து போகிறவருக்கு ஆபத்து, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து என்பது காரணம். அதாவது கனமான ஸ்பிரிங் கேட்கும் அந்தப் பம்பரே ரோட்டில் பிரச்சினை. ட்ரிப் ஜீப்புக்கும் விலக்கில்லை. அனுமதித்ததற்கு மேல் ஏற்றும் ஒவ்வோர் ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம் என்கிறது 194ஏ பிரிவு.

தேய்ந்த ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு அதே அளவில் புதியது போடுவது பராமரிப்பு, அதில் சிக்கலில்லை. வண்டியை உயர்த்தி, அளவு மாற்றி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லாமல் ஓட்டினால், விபத்துக்குப் பின் கிளெய்ம் படிவத்தோடு போகும்போது கேள்வி வரும். வாரண்டி காலத்தில் உள்ள வண்டி என்றால் ஷோரூமிலும் அதே கேள்வி வரும்.

இடுக்கியில் அதிகாரிகளின் கண் இந்த வண்டிகள் மேல் இருக்கிறது. 2022 மே மாதம் வாகமண் தேயிலைத் தோட்டத்தில் நடந்த ஆஃப்-ரோடு நிகழ்ச்சி வழக்காகி, அதில் ஜீப் ஓட்டிய நடிகர் ஜோஜு ஜார்ஜ் அபராதம் கட்டினார். 2025 ஜூலையில் மாவட்ட நிர்வாகம் ஜீப் சவாரிகளுக்கே தடை போட்டது.

யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம்

வண்டியே சில அடையாளங்களைச் சொல்லும். பிரேக் அடித்தால் மூக்கு தரையைத் தொடுவதுபோல் குனிகிறதா? சின்னப் பள்ளத்திலும் 'டங்'கென்று அடியில் இடிக்கிறதா? இடிதாங்கி ரப்பரில் புதுத் தழும்பு இருக்கிறதா? இரவில் ஹெட்லைட் எதிர்வண்டிக்காரர் கண்ணைக் குத்துகிறதா? அப்படியானால் பின்பக்கம் உட்கார்ந்திருக்கிறது. ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா? கசிந்தால் முதலில் ஷாக்கை மாற்றிப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

அடுத்து ஒரு டேப். சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கர நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். சாமான் எல்லாம் இறக்கி ஒரு முறை, ஏற்றி ஒரு முறை. எந்தப் பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்பது தாளில் வந்துவிடும்.

இந்த இரண்டையும் வைத்துப் பார்த்தால் முடிவு கடினமில்லை. வின்ச்சும் பம்பரும் வருடம் முழுக்க வண்டியிலேயே இருக்கின்றன, மொத்த எடை வரம்புக்குள் நிற்கிறது, ஆனால் மூக்கு குனிகிறது என்றால், அந்த எடைக்கு ஏற்ற முன் ஸ்பிரிங்கும் ஷாக்கும் நியாயமான செலவு. எஸ்டேட்டில் தினமும் மூட்டை ஏற்றும் பிக்கப்புக்குப் பின் பட்டையில் ஒன்று கூட்டுவதும் நியாயம்தான். மாதத்தில் ஒரு சனி ஞாயிறு மட்டும் டென்ட்டும் கேனும் ஏற்றுகிறவருக்கு அது வீண். மீதி நாளெல்லாம் விறைத்த வண்டியில் முதுகு வலியோடு ஆபீஸ் போக வேண்டியிருக்கும். அவர் செய்ய வேண்டியது பாரத்தைக் குறைப்பது. வின்ச்சில் இரும்புக் கயிற்றுக்குப் பதில் செயற்கை இழைக் கயிறு போட்டால் ஏறக்குறைய பத்து கிலோ மூக்கிலிருந்து இறங்கும். தண்ணீர்க் கேனைக் கூரையிலிருந்து எடுத்துப் பின்சீட்டுக்குக் கீழே வைத்தால் எடை அதேதான், ஆனால் வளைவில் வித்தியாசம் தெரியும். இரண்டு வண்டியாகச் சேர்ந்து போனால் ஒரு நல்ல இழுவைக் கயிறே பல இடங்களில் வின்ச்சின் வேலையைச் செய்துவிடும்.

வரம்பையே தாண்டிவிட்ட வண்டிக்கு எந்த ஸ்பிரிங்கும் மருந்தில்லை. அங்கே சாமான்தான் இறங்க வேண்டும், அல்லது வண்டி மாற வேண்டும்.

கிட்டுக்கு முன்பணம் கட்டும் முன் ஒரு நாள், பயணத்துக்குப் போகிற மாதிரியே முழுதாக ஏற்றி, ஆளும் ஏறி, டேங்க் நிரப்பி, லாரிகள் எடை போடும் எடை மேடைக்கு வண்டியை ஓட்டிப் போங்கள். முன்சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையோடு ஒப்பிட்டுவிட்டு, அந்த இரண்டு சீட்டையும் பட்டறையில் ஆசான் கையில் கொடுத்து, அதற்கு அப்புறம் பட்டையைப் பற்றிப் பேச்செடுங்கள்.